மஞ்சள் காரின் சிவப்பு காலிபர்

பிரேக்கின் அருமையை அவரளவுக்கு உணர்ந்த மனிதரை நான் சந்தித்ததில்லை.

நாமக்கல் பைபாஸில் உள்ள ஒர்க்‌ஷாப்பில் என் பழைய காருக்கு ஆயில் மாற்றக் காத்திருந்தேன். அங்கே இருந்த அவர் போர்வெல் போடும் ரிக் லாரிக்கு முதலாளி. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, அவற்றோடு சற்றும் ஒட்டாத மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார். அதன் முன்சக்கரங்களுக்கு அன்றுதான் சக்கரத்தின் தட்டைக் கவ்வி நிறுத்தும் வெளிநாட்டு பிரேக் காலிபர் மாட்டியிருந்தார்கள். சக்கரத்தின் சந்தில் சிவப்பாகத் தெரிந்த அதைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே இருந்தார். அதே கைக்குட்டையால் முகத்தையும் துடைத்துக்கொண்டார்.

"நூத்தம்பதுல போனாலும் அமுக்குன எடத்துல நிக்குமுங்க. உசுரு முக்கியமில்லீங்களா?" என்றார் என்னிடம். பக்கத்திலிருக்கும் பரமத்தி வேலூர் வரை மட்டுமே போய்வரும் கார் அது.

அப்போது அவருடைய ரிக் லாரி வந்து காருக்குப் பின்னால் நின்றது. டிரைவர் இறங்கியதும் முதல் வேலையாகச் சக்கரத்துக்கு அடியில் கட்டையைப் போட்டார்.

"ஏனுங்க, பிரேக் சரியாப் புடிக்கறதில்லீங்க. லைனிங் மாத்திரலாமுங்களா?"

"அடுத்த நடைக்குப் பாத்துக்கலாம் சாமி. உன்ற கைக்கு வண்டி பூவாட்டம் நிக்கும்."

"போன நடைக்கும் இதையேதானுங்க சொன்னீங்க."

முதலாளி மறுபடியும் கைக்குட்டையை எடுத்தார். காலிபரில் ஏதோ தூசி பட்டிருந்தது.

டிரைவர் ஏறி லாரியைக் கிளப்பினார். மெக்கானிக் கட்டையை உருவக் குனிந்தார்.

"இரு, இரு" என்று முதலாளி ஓடிவந்தார். பரவாயில்லை, மனது மாறிவிட்டது என்று நினைத்தேன்.

லாரிக்கு முன்னால் நின்ற தன் காரை ஓரமாக எடுத்து நிறுத்தினார்.

"இப்ப உருவு" என்றார்.