ஒன்பதாம் பக்கத்தில் பிடிபட்ட கொலைகாரன்

நான் எழுதிய ஒரே மர்ம நாவலுக்குத் தொண்ணூற்றாறு பக்கங்கள். கொலை நடப்பது பதினோராம் பக்கத்தில். கொலைகாரன் யார் என்று துப்பறியும் நிபுணர் எல்லாரையும் கூட்டி வைத்துச் சொல்வது தொண்ணூற்று மூன்றாம் பக்கத்தில். என் மாமி அவனை ஒன்பதாம் பக்கத்திலேயே பிடித்துவிட்டார். அப்போது கதையில் இன்னும் ஒருவரும் சாகவில்லை.

இதை வெளியே சொல்ல இத்தனை காலமும் வெட்கப்பட்டேன். இப்போது தலை நரைத்துவிட்டது, இனி என்ன வெட்கம்.

ஐம்பதுகளில் நடந்த கதை. எனக்குக் கலியாணமாகி ஒன்றரை வருடம். எங்கள் கிழக்கிலங்கைக் கரையில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். நானும் ஒரு தகரப் பெட்டியோடும் ஒரு சைக்கிளோடும் சாய்ந்தமருதிலிருந்து மருதமுனைக்கு வந்து சேர்ந்தேன். கல்முனையில் ஒரு பாடசாலையில் வாத்தியார் வேலை. மாமனார் என் கலியாணத்துக்கு முன்பே மௌத்தாகிவிட்டார். வீட்டில் மாமி, என் மனைவி, நான், ஒரு பூனை. இவ்வளவுதான்.

மாமி என் முன்னால் வரமாட்டார். அது எங்கள் பக்கத்து மரியாதை. மருமகனுக்கு முன்னால் மாமி வந்து நிற்பதும் இல்லை, முகம் பார்த்துக் கதைப்பதும் இல்லை. நான் முன்னறையில் இருந்தால் அவர் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் இருப்பார். எனக்கு ஏதும் சொல்ல வேண்டுமென்றால் மகளிடம் சொல்வார். "மகள், மாப்புளக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடவா எண்டு கேளு" என்பார். நான் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன். ஆனாலும் மனைவி திரும்பி, "இன்னும் கொஞ்சம் சோறு போடவாம்" என்பாள். "போதும் எண்டு சொல்லு" என்பேன். அதையும் மாமி கேட்டுக்கொண்டுதான் இருப்பார்.

மனைவி வீட்டில் இல்லாத நாட்களில் இந்த உத்தியோகம் பூனைக்குப் போய்விடும். ஒரு நாள் மத்தியானம் நான் பாடசாலையிலிருந்து வந்து கை கழுவும்போது திரைக்குப் பின்னால் பூனையிடம் மாமி சொன்னார்: "இண்டைக்கு மீன் இல்ல, பருப்புத்தான். கோவப்படக் கூடாது."

பூனை கோபப்பட்டதா தெரியாது. எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வசனத்தை அப்படியே ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன். எழுத்தாளன் ஆக வேண்டும் என்ற பைத்தியம் அப்போது எனக்கு உச்சந்தலையில் இருந்தது.

விடியற்காலையில் எழுந்து, பாடசாலைக்குப் புறப்படும் வரை எழுதுவேன். ஆறு மாதத்தில் நாவல் முடிந்தது. கதை கொழும்பில் நடக்கிறது. நான் கொழும்புக்கு இரண்டு தரம்தான் போயிருந்தேன், அதனால் என்ன. பெரிய பங்களாவில் ஒரு பணக்காரக் கிழவி. அவருக்கு ஒரு மகள். மகளுக்கு ஒரு புருசன். நொண்டிக்கொண்டு திரியும் தோட்டக்காரன், அடிக்கடி வந்துபோகும் டாக்டர், ரங்கூனிலிருந்து திரும்பிய, கிழவியின் தங்கை பெற்ற பெறாமகன் என்று சந்தேகப்பட நாலைந்து பேர். கிழவி நஞ்சு கலந்த தேநீர் குடித்துச் சாகிறார். கொன்றவன் மருமகன்.

கல்முனையில் சின்ன அச்சகம் வைத்திருந்த ஒரு சிநேகிதன் அதை அச்சடித்துத் தந்தான். பிழை திருத்தும்போது, "கடைசி வரைக்கும் ஆள் பிடிபடல்ல மச்சான்" என்று புகழ்ந்தான். அந்தப் புகழில் எனக்கு இரண்டு நாள் கால் நிலத்தில் படவில்லை. புத்தகம் கையில் வந்து, அட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. நான் மாமி வீட்டில் இருந்துகொண்டு, மாமி சமைத்த சோற்றைத் தின்றுகொண்டு, மருமகன் மாமியைக் கொல்லும் கதை எழுதியிருக்கிறேன்.

மாமி மேல் எனக்கு ஒரு கோபமும் இருந்ததில்லை. பணக்காரக் கிழவி சாவதுதான் இப்படிக் கதைகளின் வழமை, கிழவிக்குப் பக்கத்தில் நிற்கக்கூடியவன் மருமகன், அவ்வளவுதான். ஆனால் இதைத் திரைக்கு அந்தப் பக்கம் யார் போய் விளக்குவது? பூனையா? நல்லவேளையாகப் புனைபெயரில் எழுதியிருந்தேன். எழுதினவன் நான் என்று மாமிக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் அந்த வீட்டில் எந்த முகத்தோடு சாப்பிட உட்காருவது?

இவ்வளவும் யோசித்தவன் புத்தகத்தைப் பாடசாலை அலுமாரியில் பூட்டி வைத்திருக்க வேண்டும். ஆசை யாரை விட்டது. நாலு பேர் வாசித்து என்ன சொல்கிறார்கள் என்று கேட்காவிட்டால் எழுதினதற்கு என்ன பலன்? ஒரு பிரதியைக் கொண்டுவந்து, "கடையில கிடந்திச்சி, வாங்கிட்டு வந்தன்" என்று மனைவியிடம் கொடுத்தேன்.

எங்கள் வீட்டில் பின்னேரங்களில் நூல் சுற்றுவார்கள். நெசவுக்காரர்கள் தரும் நூலை மாமியும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் ராட்டையில் போட்டுச் சுற்றுவார்கள். கைக்கு வேலை, காதுக்கு வேலையில்லை. அதனால் என் மனைவி நடுவில் இருந்து ஏதாவது உரத்து வாசிப்பாள், பக்க எண்ணையும் விடாமல். நான் முன்னறையில் பரீட்சைப் பேப்பர்களைத் திருத்துகிறவன் போல உட்கார்ந்து, காதைத் திரைச்சீலையில் ஒட்டி வைத்திருந்தேன்.

முதல் நாள். கிழவியின் பங்களா, மல்லிகைப் பந்தல், வெள்ளிக் கோப்பை எல்லாம் நன்றாகப் போனது. ராட்டை இரண்டும் ஒரே சீராகச் சுற்றின. ஒன்பதாம் பக்கத்தில் மருமகன் வருகிறான். அவன்மேல் ஒரு சந்தேகமும் வரக்கூடாது என்று நான் மிகவும் கவனமெடுத்து எழுதிய இடம் அது. அவன் காலையில் நேரே மாமியின் அறைக்குள் போகிறான், பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்காருகிறான், சுகம் விசாரிக்கிறான், தன் கையாலேயே தேநீரை ஊற்றி மாமியின் கையில் கொடுக்கிறான். என்ன அருமையான பிள்ளை என்று வாசகர்கள் உருகுவார்கள் என்பது என் கணக்கு.

ஒரு ராட்டை நின்றது.

"இவன்தான்" என்றார் மாமி.

"இவன் என்ன?" என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டார்.

"இவன்தான் கொல்லப் போறான்."

"உம்மா, இன்னும் ஒருத்தரும் மௌத்தாகலயே" என்றாள் என் மனைவி.

"ஆகுவா. அவன்ட மாமிதான் ஆகுவா. மாமிட அறைக்குள்ள போய், பக்கத்துல குந்தி, கையில தேத்தண்ணி குடுக்கிறவன் என்ன நோக்கத்துல போறான்? நல்ல மாப்புள செய்யிற வேலையா இது?"

"ஓங்கா, அதுவும் சரிதான்" என்றார் பக்கத்து வீட்டுப் பெண்.

நான் ஒரு பையனின் சரியான விடைக்குப் பிழை போட்டுவிட்டேன். ஆறு மாதம் விடியற்காலையில் எழுந்து நான் கட்டிய மர்மம், எங்கள் ஊர்ப் பெண்கள் இரண்டு பேருக்கு முன்னால் ஒரு கோப்பைத் தேத்தண்ணியில் கரைந்து போயிற்று. அவனை நல்லவனாகக் காட்ட நான் செய்ததெல்லாம் அவனைக் கொலைகாரனாக்கிவிட்டது. பிறந்து வளர்ந்த ஊர் மரியாதையை மறந்து எழுதியவனை என்ன சொல்ல. அச்சகக்காரச் சிநேகிதனுக்கு ஏன் பிடிபடவில்லை என்று பிறகு விசாரித்தேன். எழுத்துக் கோப்பவன் எழுத்தைத்தான் பார்ப்பான், கதையை யார் பார்த்தது என்றான்.

கொலைகாரனைத் தெரிந்துவிட்டதால் இனி வாசிக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். மறுநாள் பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் புத்தகம் திறந்தது. அதற்கடுத்த நாளும் திறந்தது. கதையில் நிபுணர் தோட்டக்காரனை மிரட்டினால், "அந்த நொண்டிய உடச் சொல்லுகா, பாவம்" என்பார் பக்கத்து வீட்டுப் பெண். டாக்டரின் பையில் ஒரு போத்தல் அகப்பட்டால், "அது இருமல் மருந்தாத்தான் இரிக்கும்" என்பார் மாமி. நான் எழுதியதும் இருமல் மருந்துதான். அதைக் கண்டுபிடிக்க என் நிபுணருக்குப் பதினாறு பக்கம் தேவைப்பட்டது.

"எல்லாம் தெரிஞ்ச பொறகு என்னத்துக்கு வாசிக்கிறீங்க?" என்று என் மனைவி ஒருநாள் கேட்டாள். நான் கேட்க நினைத்ததும் அதுதான்.

"தெரிஞ்சா என்ன புள்ள" என்றார் பக்கத்து வீட்டுப் பெண். "வழி தெரிஞ்ச ஊருக்குப் போறது லேசு. காலும் நோகாது, பயமும் இல்ல. வாசி."

அன்று எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. அதை விமர்சனமாக எடுப்பதா ஆறுதலாக எடுப்பதா என்று தெரியவில்லை. இரண்டுமாகவே எடுத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் அந்தப் பாழாய்ப்போன இடம் வந்தது. பங்களாவின் வேலைக்காரி சாட்சி சொல்கிறாள். சாகும் நாள் காலையில் கிழவி என்ன செய்தார் என்று நிபுணர் கேட்கிறார். "பூனையோடு பேசிக்கொண்டிருந்தார் ஐயா. இன்றைக்கு மீன் இல்லை, பருப்புத்தான், கோபப்படக் கூடாது என்றார்" என்கிறாள்.

மனைவி வாசித்துக்கொண்டே போய்விட்டாள். மாமி பூனையோடு கதைக்கும் நேரங்களில் அவள் வீட்டில் இருப்பதில்லை, அவளுக்கு எப்படித் தெரியும். ஆனால் மாமியின் ராட்டை நின்றுவிட்டது.

"அந்த எடத்த இன்னொருக்கா வாசி" என்றார் மாமி.

மனைவி வாசித்தாள்.

"கொழும்புப் பொம்புள என்னத்துக்குப் பூனைக்கிட்டக் கதைக்கிறா? அவதான் மருமகனோட முகம் பார்த்துக் கதைக்கிறவளாச்சே."

என் நிபுணர் சுருட்டுப் பிடித்துக்கொண்டு தொண்ணூற்று மூன்றாம் பக்கம் வரை அலைந்தார். நூல் சுற்றிக்கொண்டிருந்த ஒரு மனுசி ஒரேயொரு கேள்வி கேட்டார், அதோடு குற்றவாளி அகப்பட்டான். அகப்பட்டானா இல்லையா என்பதுதான் தெரியவில்லை. ராட்டை மறுபடி சுற்றத் தொடங்கியது. அன்று இரவுச் சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் இறங்கவில்லை.

கடைசி நாள் வந்தது. நிபுணர் எல்லாரையும் கூட்டி, மருமகனை நோக்கி விரலை நீட்டினார். பொலிசார் விலங்கு போட்டார்கள். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிபுணருக்கு நன்றி சொன்னாள். முற்றும் என்று வாசித்து என் மனைவி புத்தகத்தை மூடினாள்.

"நல்ல கதை" என்றார் பக்கத்து வீட்டுப் பெண். "மனசுக்குப் பாரமில்ல. இன்னொண்டு இரிந்தாக் கொண்டு வரச் சொல்லு." நூலை வாரிக் கட்டிக்கொண்டு அவர் போய்விட்டார்.

நான் தப்பினேன் என்று நினைத்து மூச்சு விட்டேன். அப்போது மாமியின் குரல் கேட்டது. அது திரைக்கு மிக அருகில் இருந்தது.

"மகள், இத எழுதினவருக்கிட்ட ஒரு விசயம் சொல்லு."

"எழுதினவர எனக்குத் தெரியாதே உம்மா."

"தெரியும். சொல்லு. கொன்டவன் ஆரெண்டு புத்தகம் முழுக்கத் தேடினாரு, அது நல்லாத்தான் இரிந்திச்சி. செத்தவ ஆரெண்டு ஒரு பக்கத்துலயும் எழுதல்லயே. அவக்கு எத்தின வயசு, என்ன விருப்பம், ஒண்ணும் இல்ல. மையத்த எடுக்கல்ல, செத்தவக்காகக் கத்தம் ஓதல்ல. மகள்காரியும் புருசன் அம்பிட்டதுக்குத்தான் அழுதா, உம்மாக்கு அழல்ல. பங்களாவும் மல்லிகையும் எவ்வளவு எழுதியிரிக்காரு."

மனைவி ஒன்றும் விளங்காமல் திரையை ஒதுக்கி என்னைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்ததும் விளங்கியிருக்க வேண்டும். கையிலிருந்த புத்தகத்தைத் திருப்பி அட்டையைப் பார்த்தாள், திரும்பவும் என்னைப் பார்த்தாள். திரை அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது.

கோபமாகத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மாமி சொன்னது உண்மை. ஒன்றரை வருடமாக அவர் கைச்சோறு தின்கிறேன். அவரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஒரு இருமல், ஒரு குரல், பூனையிடம் சொன்ன ஒரு வசனம். அந்த வசனத்தையும் களவெடுத்துவிட்டேன். மரியாதை என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததில் பாதி, கேட்காமல் இருக்கும் சோம்பல்தான். எனக்கு வெட்கமாக இருந்தது.

"அவக்கு என்ன விருப்பம் எண்டு மாமிக்கிட்டக் கேளு" என்றேன்.

மனைவி அதை எடுத்துச் சொல்லவில்லை. தேவையும் இருக்கவில்லை.

"அவக்கு வாசிக்க விருப்பம்" என்றார் மாமி. "பெரிய புள்ளையாக முந்தியே ஊட்டோட மறிச்சிட்டாங்க, எழுத்துப் படிக்க உடல்ல. மகளையாவது படிப்பிச்சா. கடையுள்ளவன், வயலுள்ளவன் எல்லாம் கேட்டு வந்தாங்க, அவ வாத்தியார் மாப்புளதான் வேணுமெண்டு நிண்டா. வாத்தியார் வந்தா ஊட்டுக்குப் புத்தகம் வரும் எண்டு நெனச்சா. வந்திச்சி. அதுல அவ பதினோராம் பக்கத்துலயே மௌத்தாப்போனா."

நான் எழுந்தேன். திரைக்கு முன்னால் போய் நின்றேன். மனைவியின் வாயை இரவல் வாங்காமல், முதல் தடவையாக நேரே கதைத்தேன்.

"மன்னிச்சிக்கங்க மாமி."

பிறகு மாமி என்னிடம் அல்ல, வழக்கம்போல மகளிடம்தான் சொன்னார்:

"முதல்ல இருந்து வாசி மகள். அவ சாகுறதுக்கு முந்தின பக்கத்தோட நிப்பாட்டு."