திருப்பி அனுப்பிய டோலி

அந்தத் திங்கட்கிழமை காலை, குப்பம்மாள் அக்காவின் பெயரைச் சொல்லி மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவருடைய தம்பி வெள்ளையன் போளூரிலிருந்து மலையேறி வந்து கோயில் வாசலில் நின்றார். "அக்கா பூடுச்சி, கணக்கம்மா" என்றார். நான் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. மீதிக் கூழையும் ஊற்றி முடித்தேன். தொடை எலும்பு ஒடிந்தவர் நொண்டலாம். செத்துப் போவாரா?

எங்கள் கடுக்காய்க் கிடங்குக்குச் சுமை கொண்டுவந்த உங்கள் எல்லோருக்கும் அக்காவைத் தெரியும். வாணியம்பாடித் தோல் மண்டிகளிலிருந்து தோல் பதனிடக் காய் வாங்க வந்த பாய்மார்களுக்கும் தெரியும். கிடங்கில் என் வீட்டுக்காரர் கணக்கர். பள்ளிக்கூடம் போகாத நான் அவருடைய பேரேட்டைப் பார்த்து எழுத்துக் கற்றேன். அதனால் கணக்கம்மா ஆனேன். அக்காவோ ஆண்கள் தயங்குகிற மரத்திலும் ஏறுவார். "ஆம்பளைங்க ஏறுனா கெள ஒடியுது, நான் ஏறுனா காய் வுயுது!" என்று உச்சியிலிருந்து கத்துவார். கீழே நிற்கிற ஆண்களும் சிரிப்பார்கள்.

நயா பைசா வந்த வருஷம் எனக்கு விஷக்காய்ச்சல் கண்டது. மூங்கில் கம்பில் கம்பளியைத் தூளிபோலக் கட்டி ஆளைச் சுமக்கும் டோலி அக்கா வீட்டில்தான் இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ராகுகாலம் கழியட்டும் என்றேன்.

"நீ கீய போய்ச் சேர்றதுக்குள்ள அது தானா பூடும். ஏறு கண்ணு."

முன்கம்பைத் தன் தோளிலேயே வைத்துக்கொண்டார். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்த போளூர் டாக்டர், என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினார்.

அந்த அக்காதான், அந்தத் திங்களுக்கு முந்தின வெள்ளிக்கிழமை பகலில் மரத்திலிருந்து விழுந்தார். வெள்ளையன் முதுகில் சுமந்து எங்கள் வீட்டுக்கு வந்தபோது வலது கால் தொங்கி ஆடிக்கொண்டே வந்தது. கட்டு வைத்தியர் மறுநாள்தான் வந்தார். முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துப் பற்றுப் போட்டு, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். வலியில் வியர்த்தாலும் அக்காவின் வாய் ஓயவில்லை. கட்டுப் போட்ட நேரம், குடித்த கஞ்சி என்று நான் நோட்டில் குறிப்பதைப் பார்த்து, "இன்னா கணக்கம்மா, என் கால வரவுல வெக்கிறியா, செலவுலயா?" என்றார்.

"பாக்கியில வெச்சிருக்கேன்."

"அப்பச் சரி. எயுந்து வந்து தீக்கறேன்."

அந்தச் சனிக்கிழமை சாயங்காலமே மூச்சு வேகமாக ஓடியது. ஞாயிறு காலை காய்ச்சல் கொதித்தது. என்னை யாரென்று தெரியாமல், "எம்மா, எம்மா" என்று செத்துப்போன தன் தாயாரை அழைத்தார். உடம்பைத் துடைக்கத் துணியை விலக்கினேன். மார்பிலும் அக்குளிலும் ஊசி குத்தியதுபோல் சிவப்புப் புள்ளிகள். கண் ரப்பையை விலக்கினேன், அங்கேயும் இருந்தன. அம்மனே வந்துவிட்டாள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

வெள்ளையன் ஆட்களோடு அக்காவின் டோலியை எடுத்து வந்திருந்தார். அம்மை கண்ட உடம்பை வீட்டை விட்டு எடுக்கக் கூடாது என்பது நம் வழக்கம். கதவில் வேப்பிலை செருகினேன்.

"மூச்சு வாங்குதே, கணக்கம்மா" என்றார் அவர்.

"அம்மா எறங்கினா அதுவும் எறங்கும். டோலிய எடுத்துட்டுப் போங்க" என்றேன்.

அந்த வார்த்தையைச் சொன்னவள் நான்தான். வேறு யாரும் இல்லை. மத்தியானம் அக்காவின் நகங்கள் நீலம் பாய்ந்தன. கிடங்கிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் அதைப் பார்த்ததும் வேப்பிலையை உருவிப் போட்டுவிட்டு டோலியைத் திரும்பக் கூப்பிட்டார். விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போளூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். விடியும்வரை உயிர் தங்கவில்லை.

காரியம் முடிந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு அந்தப் போளூர் டாக்டரிடம் போனேன். இரண்டு முறை படித்தார்.

"இது அம்மை இல்லம்மா. பெரிய எலும்பு ஒடிஞ்சா உள்ள இருக்கிற கொழுப்பு துளித்துளியா ரத்தத்துல கலந்துடறது உண்டு. நுரையீரல்ல அடைச்சா மூச்சு திணறும். மூளைக்குப் போனா நினைவு தப்பும். இந்தப் புள்ளியும் அதாலதான். ஒடிஞ்சு ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சு வரும். நீங்க எழுதினதுல எல்லாம் அப்படியே இருக்கு."

"ஞாயித்துக்கிழமை காலையிலயே கொண்டாந்திருந்தா?"

"பிராணவாயு குடுத்துப் பாத்திருப்போம். பிழைச்சிருப்பாங்கன்னு சொல்ல முடியாது. பிழைச்சிருக்க மாட்டாங்கன்னும் சொல்ல முடியாது. கால் ஆடாம முதல்லயே கட்டியிருக்கணும்."

வெயிலில் உருகும் நெய்போல ஒன்று எலும்புக்குள் இருந்து, ஒடிந்த இடத்திலிருந்து புறப்பட்டு, மூச்சு வரைக்கும் போகுமா? அக்கா போய் முப்பது நாளாகிறது. அடுப்படியில் கரண்டியை எடுத்தால் இன்னமும் கை நின்றுவிடுகிறது.

மாரியம்மனுக்கு விளக்கேற்றுவதை நான் விடவில்லை. அவள்மேல் எனக்கு என்ன கோபம்? வராத தாயை வந்ததாகச் சொன்னவள் நான். ராகுகாலத்தில் என்னை இறக்கிக் காப்பாற்றியவரை, இறங்க விடாமல் பிடித்து வைத்தவளும் நான்.

அக்காவின் டோலியை வெள்ளையனிடம் கேட்டு வாங்கி எங்கள் வீட்டுக் கதவோரம் சாத்தியிருக்கிறேன். நீளமான மூங்கில் பத்தைகளும் கட்டுத் துணியும் கம்பிலேயே கட்டிக் கிடக்கின்றன. எலும்பு ஒடிந்தால் விழுந்த இடத்திலேயே அசையாமல் கட்டுங்கள். அன்றைக்கே கீழே இறக்குங்கள். எந்நேரமும் வந்து டோலியை எடுக்கலாம், என்னைக் கேட்க வேண்டாம். நானே குறுக்கே நின்று வேண்டாமென்றாலும், என்னைத் தள்ளிவிட்டு எடுத்துப் போங்கள்.