முப்பதுக்குக் கீழே

காலுறைத் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் செக்கிங் அக்கா என்பார்கள். பத்தொன்பது வருடங்களாக அவள் எண்ணி மூடிய பெட்டியை வேறு யாரும் திறந்து சரிபார்த்ததில்லை. இடது, வலது இரண்டும் கைக்கு வந்து சேர்ந்தால் ஒன்று. அந்தக் கணக்கு நாக்கில் ஊறிப்போய், வீட்டில் துணி மடிக்கும்போதுகூட உதடு தானாக முணுமுணுக்கும்.

மகள் திருமணமாகிப் போனபோது விட்டுச்சென்றது ஒரு சாம்பல் நிறப் பூனை. நாளெல்லாம் தூங்கிவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் எழுந்து வந்து அதட்டுவதால், பேருந்து ஓட்டுநரான அவள் கணவன் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்திருந்தான்.

போன வாரம் மருத்துவர் அதன் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இதயம் பெருசாயிருக்கு. தூங்கும்போது ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சுன்னு தினமும் எண்ணி எழுதுங்க. நெஞ்சு ஏறி இறங்கினா ஒண்ணு. முப்பதைத் தாண்டினா உடனே தூக்கிட்டு வந்துடணும்."

அவள் அதற்கென்று அன்றே ஒரு நோட்டு வாங்கினாள். வேலை முடிந்து வந்ததும் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் பூனையருகே உட்கார்ந்துவிடுவாள். முதல் நாள் பதினைந்து. அடுத்து பதினேழு, பத்தொன்பது, இருபது. ஏறுகிறதே என்று பதறுவாள். முப்பதுக்குக் கீழேதானே என்று தேற்றிக்கொள்வாள். ஐந்தாம் நாள் மேனேஜர் தட்டை முகர்ந்துவிட்டு விலகியது. வயிறு தரையில் படக் குந்தி, கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டே கண்ணயர்ந்தது. அவள் எண்ணி நோட்டில் எழுதினாள். இருபத்திரண்டு. எண் நன்றாக இருந்ததால் பூனையும் நன்றாக இருக்க வேண்டும் என்று நம்பினாள். பயந்தவர்களுக்கு எண் பெரிய ஆறுதல். கண்ணெதிரே இருப்பதைப் பார்க்கவிடாத ஆறுதல்.

மறுநாள் இருவருக்கும் விடுமுறை. மதியம் கணவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பூனையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"நாப்பத்தாறு வருது" என்றான்.

"எண்ணுறது உங்க வேலையா? கண்டக்டரைக் கூட்டிட்டு வாங்க."

"விளையாடாதம்மா. நாப்பத்தாறு."

"பத்தொன்பது வருஷத்துல என் பெட்டி ஒண்ணாவது திரும்பி வந்திருக்கா?"

"காலுறை மூச்சு விடாது. வா, சேர்ந்து எண்ணுவோம். வாய்விட்டு."

நெஞ்சு ஏறி இறங்கியது. "ஒண்ணு" என்றான் அவன். அவள் வாய் திறக்கவில்லை. மறுபடி ஏறி இறங்கியது. அவன் "ரெண்டு" என்றபோது அவள் "ஒண்ணு" என்றாள். அவன் "நாலு" என்றபோது அவள் "ரெண்டு" என்றாள். "ஆறு" என்றவன் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான்.

அவள் தன் மடியைப் பார்த்தாள். இரண்டு கைகளும், அங்கே இல்லாத காலுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தன.

"முதல் நாள் பதினஞ்சுன்னா..." என்று தொடங்கினாள். அவன் அதற்குள் கூடையை எடுத்துவிட்டான்.

மருத்துவர் ஊசி போட்டு நெஞ்சிலிருந்து நீரை இறக்கினார். பூனையைப் பிராணவாயு விட்ட கண்ணாடிப் பெட்டிக்குள் படுக்கவைத்தார்.

"எத்தனை நாளா முப்பதுக்கு மேல?"

அவள் நோட்டை நீட்டினாள். "ரெண்டாம் நாள்லேர்ந்தே, டாக்டர். நான் எழுதினதெல்லாம் பாதி. ஜோடி ஜோடியா எண்ணிட்டேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். "சாயங்காலம் வரைக்கும் பார்க்கணும். மூச்சு குறைஞ்சா பிழைச்சுக்கும். பத்து நிமிஷத்துக்கு ஒருதடவை எண்ணிச் சொல்லுங்க."

"நானா? இவரு எண்ணட்டும்."

"ரெண்டு பேரும் எண்ணுங்க" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த அறைக்குப் போனார்.

அவள் கைகளைத் தொடைக்கடியில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தாள். கணவன் தொடங்கினான். அவள் குரலும் கூடவே வந்தது, ஒவ்வொன்றாக, நடக்கப் பழகும் குழந்தை அடி வைப்பதைப் போல.

"நாப்பத்தொண்ணு" என்றான் அவன்.

"நாப்பத்தொண்ணு" என்றாள் அவளும். பிறகு, "இன்னொருதடவை எண்ணுங்க" என்றாள்.