வாஷ்பேசினில் நின்ற தண்ணீர்

பட்டாம்பூச்சிகள் ஈரமண்ணில் உப்பு உறிஞ்சும் என்று காலேஜில் விலங்கியல் வகுப்பில் சொன்னார்கள். நம் வீட்டுக் கொல்லையில் செய்து காட்டிவிடலாம் என்று கிளம்பிவிட்டேன். அவ்வளவு திமிர். விருத்தாசலத்தில் பீங்கானுக்கா பஞ்சம்? சூளையில் விரிசல் விட்டதென்று கழித்துப்போட்ட வாஷ்பேசினைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து, ஓட்டையைச் சிமெண்டால் அடைத்தேன். ஆற்றுமணல், ஒரு பிடி உப்பு, கொஞ்சம் சாணிக் கரைசல். நாலாம் நாள் மஞ்சள் பூச்சிகள் ஏழெட்டு வந்து உட்கார்ந்தன.

"பூச்சிக்கு விருந்து வைக்கிற மூஞ்சப் பாரு. தட்டக் கழுவி வைக்கத் துப்பில்ல" என்றாள் அம்மா.

ஓட்டையை அடைத்ததுதான் தப்பு. மணல் ஈரமாக இருந்தால் போதும், தண்ணீர் நிற்கக் கூடாது. பரீட்சைக்குச் சிதம்பரம் போகும்போது, காய்ந்துவிடுமே என்று விளிம்பு வரை ஊற்றிவிட்டுப் போனேன். ஊரெல்லாம் சிக்குன்குனியா பரவிய வருடம் அது.

இரண்டு வாரம் கழித்து வந்தால், அம்மா விரல் மடக்க முடியாமல் படுத்திருக்கிறாள். பேசினில் கொசுப்புழுக்கள் நெளிந்தன. பரீட்சையில் அதைப் படம் வரைந்து பாகம் குறித்தவன் நான், யாரையும் கேட்க வேண்டியதில்லை. சத்தமில்லாமல் கவிழ்த்துவிட்டேன்.

அம்மாவுக்கு அத்தனை நாளும் கஞ்சி கொண்டுவந்தது பக்கத்து வீட்டு அத்தை. பழைய டயரில் செடி வைத்திருந்தாள். மறுநாள், தேங்கின தண்ணீரில்தான் கொசு வருகிறது என்று மருந்தடிக்க வந்தவன் சொல்லிவிட்டுப் போக, அத்தை வந்ததும் அம்மா வெடித்தாள்.

"ஒன் டயர்ல தேங்குன தண்ணிதாண்டி என்னப் படுக்கப் போட்டுது!"

"கஞ்சி ஊத்துனவளுக்கு இது வேணும் அண்ணி."

தூக்குவாளியை எடுத்துக்கொண்டு அத்தை போய்விட்டாள். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

சாயங்காலம் அத்தை செடிகளைப் பிடுங்கி, டயரைக் குப்பைமேட்டுக்கு உருட்டிக்கொண்டு போனாள். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"அம்மா, டயர் இல்ல. என் பேசின்தான். புழுவப் பாத்துட்டுத்தான் கவுத்தேன்."

"எப்ப பாத்த?"

"நேத்து வந்ததுமே."

"அப்ப நான் அவள அந்தப் பேச்சு பேசும்போது, தெரிஞ்சிக்கிட்டேதான் நின்னியா?"

"போயி சொல்லிட்டு வரேம்மா."

"நீ சொல்லிடுவ. நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவளப் பாக்குறது?"

போய்ச் சொன்னேன். வாசல் பெருக்கிக்கொண்டிருந்த அத்தை நிமிரவில்லை.

"சரி. அம்மாவுக்கு எண்ணெயக் காய்ச்சித் தேச்சி வுடு, வெரலு மடங்கும்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அம்மாவும் போகவில்லை.