லான்ஸோவின் பால் தாள்

என் தம்பி லான்ஸோ பிக்கெட் வென்றவை இவை: மழை அரித்த செம்மண் பள்ளத்தில் நாற்பது ஏக்கர் மேய்ச்சல் புல். வெள்ளைக்காரப் பண்ணை ஒன்று கழித்துத் தள்ளிய பதினொரு மாடுகளிலிருந்து பெருகிய முப்பத்தாறு மாடுகள். மாவட்டக் கண்காட்சியில் வெள்ளையரின் மாடுகள் வீடு திரும்பிய பிறகு, எங்களுடையவற்றுக்கென்று தனியாக நடத்திய போட்டிகளில் முதல் பரிசாக ஆறு நீல ரிப்பன்கள்.

அலபாமாவில் அரசு விவசாயக் கல்லூரி இரண்டு. வெள்ளையர் கல்லூரிக்குப் போக மிஞ்சியதே எங்கள் கறுப்பர் கல்லூரிக்கு வரும். லான்ஸோ பொறுப்பிலிருந்த கல்லூரி மாட்டுக் கொட்டகைக்கு மாணவர்களே செங்கல் சுட்டார்கள். நான் அங்கே சலவைக்கூடத்தில் இருபத்தேழு வருடம் துணி தேய்த்தேன். நாலாம் வகுப்புதான் படித்தேன். ஆனால் தேதி தவற மாட்டேன்.

சம்பளத் தாளில் லான்ஸோ பெயருக்குப் பதில் சிலுவைக்குறி போடுவான். எழுத்துத் தெரியாதவன் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

"லான்ஸோ அண்ணே, அந்த மாடே உங்களுக்குக் கையெழுத்துப் போட்டுடுமே," என்பான் ஒரு மாணவன்.

"போடும். உன்னைவிட அழகா."

உண்மையில் லான்ஸோ என் வீட்டில் உட்கார்ந்து செய்தித்தாளை வரி விடாமல் வாசிப்பான். அவனுக்கு ஒன்பது வயதானபோது அப்பா ஒரு பருத்திப் பண்ணையில் ஒரு வருட வேலைக்கென்று கையெழுத்துப் போட்டார். தாளில் இருந்தது மூன்று வருடம். பிள்ளைகளின் உழைப்பும் சேர்த்து. அன்றிலிருந்து லான்ஸோ தன் பெயரை எந்தத் தாளிலும் எழுதவில்லை. கல்யாணப் பதிவிலும் சிலுவைதான். "குறின்னா நான் போட்டதில்லன்னு சொல்லிக்கலாம் அக்கா," என்பான்.

பிறகு புது விதி வந்தது. மாணவர் சாப்பாட்டுக்கூடத்துக்குப் பால் போக வேண்டுமானால், பண்ணைப் பொறுப்பாளர் தினமும் பால் தாளில் கையெழுத்திட வேண்டும். விவசாயத் துறைத் தலைவர் புரொபசர் காட்ஸ்டன் கொட்டகைக்கே வந்தார்.

"குறி இனிமே செல்லாது லான்ஸோ. வெள்ளிக்கிழமைக்குள்ள முடியலன்னா, உன் இடத்துல பட்டம் வாங்கின பையன் ஒருத்தனைப் போடச் சொல்லிட்டாங்க."

"அவனுக்குக் கறக்கத் தெரியுமா சார்?"

"கையெழுத்துப் போடத் தெரியும்."

அன்று மாலைக் கறவை முடிந்ததும் தாளை நான் இஸ்திரி போடும் மேசைக்குக் கொண்டுவந்தான். முன்பக்கம், பின்பக்கம், அச்சகத்தின் பெயர் வரை படித்தான்.

"அக்கா, இதுல வருஷம் எதுவும் ஒளிஞ்சிருக்கா?"

"இல்லடா. மாட்டுப் பேரும் பால் அளவும்தான்."

"அப்பாகிட்டயும் இப்படித்தானே சொன்னாங்க."

நான் மூன்று முறை படித்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தான்.

"வேற ஆள் கை பட்டா அதுங்க பாலை அடக்கிக்கும் அக்கா," என்றான். "குறி போட்டுப் போட்டு எனக்கும் அலுத்துப்போச்சு."

என் அளவுகோலை வாங்கினான். பிறகு யாரும் ஒரு சொல்கூடச் சேர்க்க முடியாதபடி, தாளில் காலியாக இருந்த ஒவ்வோர் இடத்திலும் குறுக்கே கோடு இழுத்தான். அதற்கே அரை மணி நேரம் ஆனது. கடைசியில் முழுப் பெயருக்கும் தேதிக்கும் உரிய இடம் மட்டும் மிஞ்சியது.

அலான்ஸோ பிக்கெட். செவ்வாய்க்கிழமை, 1937 நவம்பர் 9.