உள்கதவா, வெளிக்கதவா

வீடுகளுக்குத் திருட்டு அலாரம் மாட்டுகிற அந்தக் கம்பெனியில் எல்லோரும் அவளை 'சைரன்' என்றுதான் கூப்பிடுவார்கள். மாடியில் நின்றுகொண்டு கீழே கம்பி இழுக்கிறவனோடு பேச அவளுக்குப் போன் தேவைப்பட்டதில்லை. பஸ் ஓட்டுகிற அவள் கணவர், "நம்ம வீட்டுக்கு எதுக்கு அலாரம்? இவ ஒரு தடவை 'யாருடா அது'ன்னா போதும், திருடன் தானா போய் போலீஸ்ல ஒக்காந்துக்குவான்" என்பார்.

கம்பி இழுக்கிற வேலையெல்லாம் முடிந்த பிறகுதான் இவள் போவாள். சுவரில் மாட்டிய பெட்டிக்குப் புத்தி சொல்லிக்கொடுப்பது இவள் பொறுப்பு. எந்தக் கதவு திறந்தால் கத்த வேண்டும், எது திறந்தால் கண்டுகொள்ளாமல் இருக்க வேண்டும், யாருக்கு என்ன நம்பர், எல்லாவற்றையும் வீட்டுக்காரர்களைக் கேட்டுக் கேட்டு அமைப்பாள்.

வேலை பிடிக்கும். கேட்டால் அவர்கள் சொல்லும் பதில்கள்தான் குமட்டும்.

எல்லா வீட்டிலும் பேச்சு திருடனில்தான் தொடங்கும். இவள் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் திருடன் கதை தீர்ந்துவிடும். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இன்னொரு விஷயம்மா" என்பார்கள். அந்த 'இன்னொரு விஷய'த்துக்காகத்தான் பாதிப் பேர் அலாரமே வைக்கிறார்கள் என்பது அவள் முடிவு. ஒரு வீட்டில் மாமியார், மகனும் மருமகளும் ராத்திரி எப்போது கதவைச் சாத்துகிறார்கள் என்று தன் போனுக்கு வர வேண்டும் என்றாள். இன்னொரு வீட்டில் அண்ணனும் தம்பியும் தனித்தனியாக இவளைக் கொல்லைப்பக்கம் அழைத்துப்போய், மற்றவனுடைய நம்பர் மட்டும் சில நாள் வேலை செய்யாமல் பண்ண முடியுமா என்று கேட்டார்கள். இரண்டு பேருமே ஒரே மரத்தடியில் நின்றுதான் கேட்டார்கள்.

அப்படிப்பட்ட நாட்களில் வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவுவாள்.

"பட்டனைத்தானேம்மா தொட்ட?" என்பாள் மகள்.

"ஊரான் வீட்டுச் சாக்கடைக்குள்ள கைய விட்டுட்டு வந்திருக்கேன். பேசாம துண்டை எடு."

பல் டாக்டர் வீட்டுக்கு அவள் போனது ஒரு விடுமுறை நாள் காலையில். கீழே கூடம், சமையலறை, மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. அந்த அறையில் டாக்டரின் அக்கா இருந்தார். கணவர் போன பிறகு தன் வீட்டை விற்றுவிட்டுத் தம்பியோடு வந்து சேர்ந்தவர். விற்று வந்ததில்தான் இந்த வீட்டு மாடி எழும்பியது என்று கம்பி இழுத்த பையன்கள் எப்படியோ தெரிந்துவைத்திருந்தார்கள்.

டாக்டரின் மனைவிதான் பேசினாள். டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து, யாரோ வாயைத் திறக்கச் சொல்லக் காத்திருக்கிறவர் மாதிரி இருந்தார்.

முன்வாசல், வெளிக்கதவு ஒன்று. கொல்லைவாசல், வெளிக்கதவு இரண்டு. ராத்திரி படுக்கப் போகும்போது ஒரு பட்டனை அமுக்கினால் வெளிக்கதவுகளை மட்டும் பெட்டி காவல் காக்கும். உள்ளே இருக்கிறவர்கள் இஷ்டத்துக்கு நடமாடலாம். இதை விளக்கி முடித்து அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இன்னொரு விஷயம்மா," என்றாள் டாக்டரின் மனைவி.

'வந்துட்டியா' என்று நினைத்துக்கொண்டாள் சைரன்.

"படிக்குக் கீழ இருக்கிற ரூமு. அந்தக் கதவையும் ராத்திரி அதோட சேத்துடுங்க."

"அது உள்ள இருக்கிற கதவுங்களே மேடம்."

"இருக்கட்டும். எங்க அண்ணி ராத்திரி எழுந்து சமையல்கட்டுக்குப் போயி அலமாரியத் திறக்கிறாங்க. சர்க்கரை இருக்கு அவங்களுக்கு. இனிப்பு, பிஸ்கட்டு, எது கெடைச்சாலும். அவங்க நல்லதுக்குத்தான் சொல்றோம்."

"இதுல உள்கதவுன்னு போட்டா ராத்திரி சத்தம் வராது. வெளிக்கதவுன்னு போட்டாத்தான் வரும். வீட்டுக்குள்ள இருக்கிறவங்க கதவ வெளிக்கதவுன்னு யாரும் போடுறதில்ல." அவள் டாக்டரைப் பார்த்தாள். "உள்ளயா டாக்டர், வெளியயா?"

டாக்டர் மனைவியைப் பார்த்தார். மனைவி அவரைப் பார்க்கவில்லை.

"வெளியன்னே போடும்மா," என்றார்.

"அவங்க பாத்ரூம் எங்க இருக்கு?"

"கூடத்துக்கு அந்தப் பக்கம்," என்றாள் மனைவி. "படுக்கிறதுக்கு முன்னாடியே போய்ட்டு வந்துடச் சொல்லியிருக்கோம். அவசரம்னா உள்ளயே ஒரு பக்கெட் இருக்கு."

பக்கெட் என்ற சொல்லை அவள் சொன்ன விதத்தில் ஒரு கூச்சமும் இல்லை. சைரனுக்கு எழுந்து போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது. போனால் நாளைக்குக் கம்பெனி வேறொருத்தனை அனுப்பும். அவன் பாத்ரூம் எங்கே என்றுகூடக் கேட்க மாட்டான். 'வெளிக்கதவு மூன்று' என்று போட்டாள்.

போட்டு முடித்தால் நடந்து பார்க்க வேண்டும். வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் அவரவர் கதவை அவரவர் கையால் திறக்க வேண்டும், பெட்டி என்ன சொல்கிறதென்று காதால் கேட்க வேண்டும். 'எங்கிட்ட யாரும் சொல்லலியே' என்று பின்னால் யாரும் பேசக் கூடாது என்பதற்காகக் கம்பெனி வைத்திருக்கும் முறை அது.

"அண்ணியக் கூப்பிட வேண்டாம், நானே திறக்கிறேன்," என்றாள் மனைவி.

"அவங்க கதவு, அவங்கதான் திறக்கணும்," என்று சைரன் சொன்னது படிக்குக் கீழே வரை தெளிவாகவே கேட்டிருக்கும்.

கதவு திறந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அக்கா வந்து நின்றார். சுவர்ப் பெட்டி, கடைக்காரப் பெண் மாதிரி இனிமையான குரலில், "வெளிக்கதவு மூன்று திறந்திருக்கிறது" என்றது.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கதவை ஒரு தடவை பார்த்தார்.

"இது வெளிக்கதவா?"

டாக்டர் சுவர்ப் பெட்டியைப் பார்த்தார்.

"இல்ல, தெரியாமத்தான் கேக்கிறேன் தம்பி. வெளிய இருக்கிறது நானா, நீங்களா?"

"சும்மா ஒரு பேருதான் அண்ணி," என்றாள் மனைவி. "மெஷின் அப்படித்தான் ஏதாவது சொல்லிட்டு இருக்கும்."

"ராத்திரி திறந்தா என்ன ஆகும்?" அக்கா இப்போது சைரனைத்தான் கேட்டார்.

"பெட்டி கத்துமுங்க."

"பாத்ரூம் போகத் திறந்தா?"

"அதுக்குத் தெரியாதுங்க. கத்தும்."

"சரி. கத்திக் காட்டு."

"எதுக்கு அண்ணி இப்ப? அக்கம்பக்கத்துல—"

"கடைசில சைரனையும் போட்டுப் பாத்துத்தான் ஆகணும் மேடம்," என்று சைரன் ராத்திரிப் பட்டனை அமுக்கினாள். அது உண்மையும்கூட.

அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். திறந்தார். தெருவில் இருந்த காக்கைகளெல்லாம் ஒன்றாய்ப் பறந்தன. டாக்டர் காதைப் பொத்திக்கொண்டார். அந்த அலறலுக்கு நடுவில் அக்கா அவசரமே இல்லாமல் கூடத்தைக் கடந்து பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

சத்தத்தை நிறுத்துவதற்குள் பக்கத்து வீட்டு வக்கீல், பாதி முகத்தில் சவர நுரையோடு மதில் பக்கம் ஓடி வந்துவிட்டார். "டாக்டர்! உள்ள யாராவது புகுந்துட்டானா? போலீசக் கூப்பிடட்டுமா?"

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் அக்கா கையைத் துடைத்தபடி ஜன்னலுக்கு வந்துவிட்டார்.

"திருடன் இல்லீங்க வக்கீல் சார், நான்தான். பாத்ரூம் போனேன்."

"என்னது?"

"இனிமே ராத்திரி நான் போறப்பெல்லாம் இப்படிக் கேக்கும். பயந்துக்காதீங்க."

வக்கீல் அக்காவைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார். நுரை அவர் தாடையிலிருந்து வழிந்தது. தொழில் புத்தி, எதுவும் கேட்கவில்லை.

"புது சிஸ்டம் சார்," என்று சிரித்தார் டாக்டர். "வந்தவங்க எதையோ தப்பாப் போட்டுட்டாங்க. ஏம்மா, உள்கதவுன்னு மாத்தும்மா. இப்பவே மாத்து."

பழி தன் தலையில் விழுந்ததை சைரன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாற்றச் சொல்கிறானே, அது போதும். ஆனால் சொல்லும்போது அந்த ஆள் ஒரு தடவைகூட அக்காவைத் திரும்பிப் பார்க்கவில்லை. மதிலையே பார்த்துக்கொண்டிருந்தார். வக்கீல் மட்டும் அன்றைக்கு ஊரில் இல்லாமல் இருந்திருந்தால்?

மாற்றினாள். மாற்றியதோடு நிற்காமல், அக்காவின் அறைக்கதவில் ஒட்டியிருந்த சென்சார் துண்டையும் நெம்பி எடுக்கப் போனாள். அக்கா கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலுக்கு அடியில் நீல நிற பக்கெட், மூடியோடு, புதுசு.

"அவன் எங்கிட்ட நேரா வந்து சொல்லியிருந்தா, சாயங்காலத்துக்கு மேல நானே தண்ணி குடிக்காம இருந்திருப்பேன்," என்றார்.

"என்னக்கா நீங்க! இப்பத்தான் தெருவையே எழுப்புனீங்க."

"எழுப்பிட்டு எங்க போறது? இங்கதானே படுக்கணும்."

சைரனுக்கு அந்த அம்மாள்மேலும் கோபம் வந்தது. பசையைச் சுரண்டினாள்.

வாசலில் நிழல் தட்டியது. டாக்டரின் மனைவி.

"அந்தத் துண்டு மிச்சம்தானே? சமையல்கட்டு அலமாரிக்காவது மாட்டிடுங்களேன்."

"மிச்சம்தான். மாட்ட மாட்டேன்."

"கம்பெனிக்குப் போன் போட்டுச் சொல்லுவேன்."

"சொல்லுங்க மேடம். எந்த அலமாரி, அதுல என்ன இருக்கு, யாரு திங்கிறாங்கன்னு சேத்தே சொல்லுங்க. எங்க ஆபீஸ்ல போனை ஸ்பீக்கர்லதான் போட்டுக் கேப்பாங்க."

புகார் எதுவும் வரவில்லை.