பெட்டியை மாற்றியதும் காணாமல் போன கேமரா

கவிதா, தினேஷ்,

அப்பாவின் கம்பெனி என்ன விற்கிறது என்று கேட்டீர்கள். "வைஃபை பெட்டி" என்று சொல்லிவிட்டேன். முன்பு அது சரி. இப்போதும் சரிதானா என்று எனக்கே தெரியவில்லை. நடந்ததை எழுதுகிறேன், நீங்களே படித்துப் பாருங்கள்.

1. பாஸ் சொன்ன பசார் மாலாம்

ஒரு நாள் காலையில் லோபாக்கில் இருக்கும் எங்கள் கடையில் டெக்னீஷியன்களை நிற்க வைத்து பாஸ் பேசினார்.

"இனிமே நாம பெட்டி விக்கல. பிளாட்ஃபார்ம் நடத்துறோம். ராத்திரிச் சந்த, பசார் மாலாம் மாதிரி நெனச்சிக்குங்க. எடம் நம்மளோடது. கேமராக்காரன், லைட்டுக்காரன், பூட்டுக்காரன் எல்லாம் வந்து கடை போடுவான். நம்மகிட்ட வீடு கூடக்கூட அவனுங்களும் தேடி வருவானுங்க."

"அப்ப பெட்டி, பாஸ்?"

"சும்மா குடுத்துருவோம் லா. பழச கழட்டு, புதுச மாட்டு, ஆப்ல வீட்டப் பதி. வீடுதான் முக்கியம்."

எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். சும்மா கொடுத்தால் நம் சம்பளம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

2. லிங்கி லயத்தில்

அன்று மதியம் லிங்கிப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றான சரோஜா அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் போர்டிக்சன் ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்பவர். கணவருக்குப் பக்கவாதம், பேச்சும் வராது. கட்டிலுக்கு மேலே ஒரு கேமரா இருந்தது. அவர் கையைத் தூக்கினால் அக்கா வேலையிடத்தில் போனில் பார்த்துவிட்டு லயத்தில் யாரையாவது கூப்பிடுவார். அந்த நம்பிக்கையில்தான் வேலைக்குப் போய் வந்தார்.

பழைய பெட்டியைக் கழற்றினேன். உடனே வெளியே சத்தம்.

"யாருப்பா வைஃபைய நிப்பாட்டுனது?"

ஒரு பெட்டி, ஐந்து வீடு. லயத்தில் அப்படித்தான். பாஸ்வர்டும் சீனி, கருவேப்பிலை மாதிரி வீட்டுக்கு வீடு கைமாறும்.

புதுப் பெட்டியை மாட்டி ஆப்பில் பதிந்தேன். போன்கள் எல்லாம் வந்துவிட்டன. கேமரா மட்டும் வரவில்லை. அது வேறு கம்பெனிக் கேமரா. பாஸைக் கூப்பிட்டேன்.

"அவன் இன்னும் நம்மகூட சேரல. சேராதவன புதுப் பெட்டி உள்ள விடாது. நம்ம கேமராவ வாங்கச் சொல்லு."

"யாரு வேணா கடை போடலாம்னீங்களே பாஸ்?"

"பதிஞ்சவன்தான் போட முடியும்!"

"சரி, பழசையே மாட்டிரவா?"

"வீட்டப் பதிஞ்சாச்சி. பழசு தனியா இனி ஓடாது."

அக்கா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, நல்லா ஓடிக்கிட்டுதான இருந்துச்சி? நாளைக்கு நான் எப்படி வேலைக்குப் போவேன்? இந்த மனுசன் கையத் தூக்குனா யாருக்குத் தெரியும்?"

கட்டிலில் இருந்தவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வைஃபை போனதற்குச் சண்டை போட வந்த பக்கத்து வீட்டு மாரியண்ணன் வாசலில் நின்றபடி கேட்டார். "பைப்புல ஒரு ஓஸ் போட்டு, அதுல இன்னொரு ஓஸ் சொருகுறோம்ல? அந்த மாதிரி புதுசுல பழச சொருக முடியாதா? அதுவும் உங்க கம்பெனி பெட்டிதான, அதையுமா வெரட்டும்?"

கேபிள் போட்டுச் சொருகினேன். புதுசு பழசைச் சேர்த்துக்கொண்டது. பழசு கேமராவைச் சேர்த்துக்கொண்டது. அக்கா போனில் கட்டில் தெரிந்தது. கணவர் கையைத் தூக்கிக் காட்டினார்.

"பாத்துட்டேன், பாத்துட்டேன். எறக்குங்க, வலிக்கப் போவுது," என்று அக்கா சிரித்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

பாஸ் மறுபடியும் கூப்பிட்டார். "வீடு சேந்துச்சா?"

"சேந்துச்சி பாஸ்."

"அப்ப சரி."

எது சரி என்று எனக்கு விளங்கவில்லை. பிளாட்ஃபார்ம் என்பது எல்லாரையும் சேர்ப்பதா, சேராதவனை வெளியே நிறுத்துவதா? இரண்டும் ஒன்றாக நடக்கிறது. உங்களுக்கு விளங்கினால் எனக்குச் சொல்லுங்கள். நான் கற்றது ஒன்றுதான்: எதையும் கழற்றும் முன் கேட்க வேண்டும்.

வேனில் ஏறிக் கதவைச் சாத்தினேன். அடுத்தது பாக்சிக் என்று நாம் கூப்பிடும் ஒரு மலாய்க்காரப் பெரியவர் வீடு. "இந்தப் பெட்டிய நம்பி வீட்டுல என்னென்ன ஓடுது?" என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். பிறகு மலாயில் சொன்னேன். பாதியில் தடுமாறியது. சரியாக வரும்வரை சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.